அப்பாவின் உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே சண்டை. எப்படிச் சமாளிப்பது?

மூத்தவள்:

வணக்கம். நெடுநாளாக இங்கே படிக்க மட்டும் செய்கிறவள். இப்போது கேட்டே ஆக வேண்டிய நிலை.

அப்பாவுக்கு வயது 64. ஓய்வு பெற்ற பிறகு ஆளே மாறிவிட்டார். வேலைக்குப் போனவரை நிற்கவும் நடக்கவும் ஏதாவது ஒரு காரணம் இருந்தது. இப்போது காலையில் ஹாலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கும் பாத்ரூமுக்கும்தான் எழுகிறார். ஒரு கையில் ரிமோட், இன்னொரு கையில் போன். வயிறு நன்றாக முன்னால் வந்துவிட்டது. பிரஷருக்கு மாத்திரை உண்டு. ஆனால் "இன்னைக்குத் தலை சுத்தலை, மாத்திரை எதுக்கு" என்று அவரே முடிவு செய்யும் நாட்களும் உண்டு. கடைசி ரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.2. "இது இன்னும் சர்க்கரை நோய் இல்லை, அதற்கு முந்தின படி" என்றார் டாக்டர். அந்த வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிகரெட் பல வருடப் பழக்கம். விட்டுவிட்டதாகச் சொல்கிறார். மாடிக்குக் காற்று வாங்கப் போய்விட்டு வந்ததும் நேராக வாய் கொப்பளிக்கப் போவது எதற்கு என்று நாங்களும் கேட்பதில்லை.

நான் வேறு ஊரில் இருக்கிறேன். போனில் "இன்னைக்கு நடந்தீங்களாப்பா?" என்றால் போதும், "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று கை மாற்றிவிடுவார். ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன், டிராயரில் தூங்குகிறது. தம்பி ஒரு உடற்பயிற்சி வகுப்பில் பணம் கட்டினான். "சின்னப் பசங்களோட குதிக்கச் சொல்றியா" என்று அதுவும் நின்றுபோயிற்று. அம்மா உப்பைக் குறைத்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார். நடுவில் மாட்டிக்கொண்டு அம்மாவுக்குத்தான் பிரஷர் ஏறுகிறது.

அப்பா விவரம் தெரியாதவர் இல்லை. கணக்கில் புலி. பேப்பரில் வரும் மருத்துவக் கட்டுரைகளைக் கத்தரித்து வைப்பார். எல்லாம் தெரிந்தும் செய்யமாட்டேன் என்கிறார். டாக்டரிடம் முன்கூட்டியே பேசி, கொஞ்சம் மிரட்டி வைக்கச் சொல்லலாமா? உங்கள் வீடுகளில் எது பலித்தது?

ராத்திரி ஷிப்ட்:

எங்கள் வீட்டில் பலித்ததைச் சொல்கிறேன். அப்பாவைக் கேட்பதை நிறுத்திவிட்டு, "எனக்கு ரத்தம் கொடுக்கணும், ஊசின்னா பயம், கூட வாங்கப்பா" என்று அவரை அழைத்துப் போனேன். வந்த கையோடு அவரும் கொடுத்தார். ரிசல்ட் வந்தபோது என் கொழுப்பு அவருடையதைவிட மோசம். அன்றிலிருந்து என்னைத் திருத்துவது அவர் பொறுப்பாகிவிட்டது. சாயங்காலம் என்னை இழுத்துக்கொண்டு நடக்கப் போவது அவர்தான். நான் வாயைத் திறப்பதில்லை.

அப்புறம் அந்த வாட்ச். அதில் பத்தாயிரம் காலடி என்று இலக்கு வைத்திருந்தால் முதலில் அதைக் குறையுங்கள். அது எந்த ஆராய்ச்சியிலும் பிறந்த எண் இல்லை. 1965இல் ஜப்பானில் மான்போ-கெய் என்ற காலடி எண்ணும் கருவியை விற்றார்கள், அதன் பெயரோடு வந்த எண். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6000 முதல் 8000 காலடிக்குள்ளேயே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. இப்போது ஆயிரம் நடக்கிறவருக்கு மூவாயிரமே பெரிய முன்னேற்றம். தினமும் ராத்திரி "இலக்கை எட்டவில்லை" என்று காட்டும் கருவியை யார்தான் கையில் கட்டுவார்கள்?

கேஜ்காரர்:

அம்மா, நான் எதிர்க்கட்சி. வயது 67. பிள்ளைகள் திருத்தப் பார்த்த அப்பாக்களில் ஒருவன். அந்தப் பக்கத்திலிருந்து இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நடந்தீங்களா?" என்ற கேள்வியில் தப்பில்லை. அதை யாரிடம் கேட்கிறோம் என்பதுதான் விஷயம். வேலையில் இருந்தபோது நாலு பேர் எங்களிடம் வந்து கணக்குச் சொன்னார்கள். இப்போது பெற்ற பெண் தினமும் போனில் அட்டெண்டன்ஸ் எடுக்கிறாள். நடந்திருந்தால்கூட "இல்லை" என்று சொல்லத் தோன்றும். உங்கள் அப்பாவுக்கு விவரம் தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விவரம் போதாததால் நடக்காத மனிதரை இன்னும் விவரம் சொல்லி நடக்க வைக்கலாம். மற்றவர்களை முடியாது.

அதனால் முதல் வேலை, அவரைத் தடுப்பது என்ன என்று கண்டுபிடிப்பது. என் கதையைச் சொல்கிறேன். நான் வெளியே நடக்கப் போகாததற்குச் சோம்பல்தான் காரணம் என்று வீட்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. உண்மையான காரணம் மூத்திரம். புறப்பட்டுப் பாதி வழி போனதும் முட்டும். அடக்க முடியாது. தெருவில் என்ன செய்வது? அதற்காகத் தண்ணீர் குடிப்பதையும் குறைத்திருந்தேன். வயதாக ஆகத் தாகம் எடுப்பதே குறைந்துவிடும், அதனால் அது கஷ்டமாகவும் தெரியவில்லை. இதையெல்லாம் மகளிடம் எப்படிச் சொல்வது? மருமகன்தான் கண்டுபிடித்தார். ஒருமுறை காரில் நீண்ட தூரம் போகும்போது அடிக்கடி நிறுத்தச் சொன்னதில் புரிந்துகொண்டார். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. "எனக்கு ஒரு செக்கப் இருக்கு மாமா, துணைக்கு வாங்க" என்று கூட்டிப்போய் யூராலஜி டாக்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார். புரோஸ்டேட் சுரப்பி பெருத்திருந்தது. வயதோடு பல ஆண்களுக்கும் வருவதுதான், மாத்திரை கொடுத்தார்கள். அவசரம் குறைந்ததும் நானாகத்தான் நடக்க ஆரம்பித்தேன். ஒருத்தரும் சொல்லவில்லை.

என் வயது நண்பர்களிடம் பேசிப் பார்த்ததில் ஆளுக்கு ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு முட்டி. ஒருவருக்குக் காது மந்தம், கும்பலாக நடக்கப் போனால் பேச்சு புரிவதில்லை, அதனால் போவதில்லை. ஒருவர் ஒருமுறை தடுக்கி விழுந்தார், அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை, வாசல்படியைப் பார்த்தாலே பயம். இன்னொருவர் ஏறும்போது மூச்சு வாங்குவதை "வயசாச்சு" என்று தள்ளிக்கொண்டே இருந்தார், கடைசியில் அது இதயத்தின் கோளாறாக இருந்தது. ஆண்மைக் குறைவை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அது சில சமயம் மாரடைப்புக்குச் சில வருடம் முன்னாலேயே வரும் எச்சரிக்கை. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய் இதயத்துக்குப் போவதைவிடச் சின்னது, அடைப்பு அங்கே முதலில் தெரியும். உங்கள் தம்பியையோ, அப்பாவின் நண்பரையோ, டாக்டரையோ தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்பதானால் நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்காதீர்கள். எங்கள் கையில் ஏதாவது வேலை இருக்கும்போது பக்கத்தில் நின்று கேட்டால் வாய் திறப்போம். கேள்வியும் "ஏன் நடக்கலை" என்று இருக்கக்கூடாது. "நடக்கும்போது எங்கேயாவது தொந்தரவு பண்ணுதாப்பா?" என்று இருக்கட்டும். கால் வலிக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள், சிகரெட் பிடித்தவர் என்பதால் சொல்கிறேன்.

அடுத்தது மாத்திரை. தலை சுற்றினால் பிரஷர், சுற்றாவிட்டால் இல்லை என்று நினைக்கிறார். பிரஷருக்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாது. சில சமயம் தலைகீழாக, மாத்திரையால்தான் தலை சுற்றும். நாற்காலியிலிருந்து எழும்போது மட்டும் சுற்றுகிறதா என்று கேளுங்கள். உட்கார்ந்து ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொரு தடவை அளந்து பார்க்கலாம். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், மாத்திரையையோ நேரத்தையோ மாற்றுவார். நீரை வெளியேற்றும் வகை மாத்திரை என்றால் வெளியே போகும் நாளில் எங்களைப் போன்றவர்கள் சத்தமில்லாமல் அதை விட்டுவிடுவோம். அதையும் விசாரியுங்கள்.

இனி என் தொழில் பேசுகிறேன். ஒரு தொழிற்சாலையின் கருவிகள் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பாய்லரின் அழுத்தத்தைக் காட்டும் கேஜைக் கழற்றி, எடைக்கல் வைத்துச் சோதிக்கும் டெட் வெயிட் டெஸ்டரில் மாட்டி, சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துச் சீட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். அதனால் வீடுகளில் பிரஷர் பார்க்கும் லட்சணத்தைப் பார்த்தால் எனக்கே பிரஷர் ஏறும். மாடிப்படி ஏறி வந்த கையோடு, கால் மேல் கால் போட்டு, போனில் பேசிக்கொண்டே, சட்டைக் கைக்கு மேலே பட்டையைக் கட்டி ஒரு எண்ணை எடுத்து, அதைப் பார்த்து வீடே பதறுவது. உங்கள் அப்பா கணக்கில் புலி என்கிறீர்கள். அவருக்கு வாட்ச் வேண்டாம். மேல்கையில் கட்டும் நல்ல பிரஷர் மெஷின் ஒன்றும் ஒரு நோட்டும் வாங்கிக் கொடுங்கள். பட்டை அவர் கைப் பருமனுக்குப் பொருந்த வேண்டும், சின்னப் பட்டை பருத்த கையில் அதிகமாகக் காட்டும். அளக்க அரை மணி முன்பிருந்து டீ, காபி, சிகரெட் கூடாது, ஓடியாடவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படிய 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை மேஜை மேல், பட்டை நெஞ்சு மட்டத்தில். பேசக்கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, காலையில் மாத்திரைக்கு முன்னாலும் மாலையிலும். ஒரு வாரம் எழுதி, முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். கிளினிக்கில் 140க்கு 90 என்பதற்கு வீட்டில் 135க்கு 85 சமம்.

மாத்திரை எடுக்காத நாட்கள் அந்த நோட்டில் தானாகக் காட்டிக்கொடுக்கும். கண்டுபிடிக்கிறவர் அவரே என்பதால் சண்டைக்கு இடமில்லை. ஒரே நிபந்தனை, "போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா" என்று கேட்காதீர்கள். நோட்டு அவருடையது, டாக்டருக்குக் காட்டுவதற்கு.

நடையையே எல்லோரும் பேசுகிறீர்கள். எங்கள் வயதில் தசை போவதுதான் பெரிய நஷ்டம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கில் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு ஒரு பாதிதான். வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை, 65ஐத் தாண்டினால் வாரம் மூன்று நாள் உடம்பின் சமநிலைக்கான பயிற்சி என்று அதிலேயே இருக்கிறது. அதற்கு வகுப்பும் வேண்டாம், சின்னப் பசங்களும் வேண்டாம். கைப்பிடி இல்லாத கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். 60 முதல் 64 வயது ஆணுக்கு 14க்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு. 65 முதல் 69க்கு 12. அவர் ஒருமுறை எண்ணிவிட்டால் விடமாட்டார், பாருங்கள். டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் நான் செய்கிறேன். பேரன் எண்ணுகிறான், திருட்டுக் கணக்கு போட்டால் பிடித்துவிடுகிறான்.

சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் நடப்பது, வீட்டுக்குள்ளேயே ஆனாலும், அவருக்கு ரொம்ப உதவும். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வேலை செய்யும் தசை இழுத்துக்கொள்ளும். உட்கார்ந்தே இருப்பது பற்றிக் கத்தரித்து வைக்க ஒரு செய்தி வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள். 1953இல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவும் இரட்டை மாடி பஸ் ஊழியர்களை ஒப்பிட்டார்கள். ஒரே பஸ், ஒரே ஊர். உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, நாள் பூரா படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. உடற்பயிற்சி பற்றிய ஆராய்ச்சிக்கே அது பெரிய தொடக்கம்.

உப்பு விஷயத்தில் நான் உங்கள் அப்பா கட்சி. ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால் யார் சாப்பிடுவார்கள்? வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும், சொல்லவே வேண்டாம். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் கீழே, அதாவது சமையலில் போடுவதும் பாக்கெட்டில் வருவதும் சேர்த்து மட்டமாக ஒரு டீஸ்பூன். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையலாக இருக்கட்டும். நோயாளித் தட்டு என்று தனியாக வைத்தால் எனக்கும் கோபம் வரும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும், சில பிரஷர் மாத்திரைகளோடும் சிறுநீரகக் கோளாறோடும் சேர்ந்தால் ஆபத்து. அடிக்கடி வலி மாத்திரை போடுகிறாரா என்றும் பாருங்கள். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

டாக்டரை வைத்து மிரட்டுவதா? பயம் இரண்டு வாரம் ஓடும், அப்புறம் டாக்டரிடம் போவதையே நிறுத்திவிடுவார். அதற்குப் பதில் அவர் சொல்லாமல் விடும் அந்த இரண்டாவது பாதியில் நல்ல செய்தி இருக்கிறது, அதைச் சொல்லச் சொல்லுங்கள். முந்தின படியில் இருப்பவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2002இல் வெளியானது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது, இவ்வளவுதான் இலக்கு. சர்க்கரை நோயாக மாறுவது 58 சதவீதம் குறைந்தது. மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்த குழுவில் 31 சதவீதம்தான். 60 வயதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 71 சதவீதம். கிழவர்கள் இளையவர்களை ஜெயித்த இடம் அது. அப்பா நிச்சயம் கத்தரித்து வைப்பார்.

நடு மகன்:

ஐயா, நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எதையும் கேட்கக்கூடாது, நோட்டைப் பார்க்கக்கூடாது, மனம் நோகக்கூடாது. சரி. நாளைக்குப் பக்கவாதம் வந்து படுத்தால் தூக்கிப் புரட்டப்போவது யார்? வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பது யார்? எங்கள் வீட்டில் அது நடந்தது. அப்பாவின் சுதந்திரத்துக்கு விலை கொடுத்தது அம்மாவின் முதுகு. பிள்ளைகளுக்குக் கேட்கும் உரிமை கொஞ்சமும் கிடையாதா?

கேஜ்காரர்:

உண்டு தம்பி. கோபம் எதற்கு, நியாயமான கேள்வி.

விழுந்தால், நெஞ்சு வலித்தால், ஒரு பக்கம் மரத்தால், பேச்சு குழறினால், மாத்திரையை நிறுத்தினால், இதில் எதையும் அப்பாவின் இஷ்டத்துக்கு விடவேண்டாம். சத்தம் போட்டாவது கேளுங்கள். படுத்தால் என்ன ஏற்பாடு, யார் பார்ப்பது, பணம் எங்கே என்பதையும் அவர் தெம்பாக இருக்கும்போதே நேராகப் பேசலாம். "நீங்க படுத்தா அம்மாவால தூக்க முடியாதுப்பா" என்ற ஒரு வாக்கியம் ஆயிரம் காலடிக் கணக்கைவிட என்னை அதிகம் அசைக்கும். இன்றைக்கு எத்தனை நிமிடம் நடந்தார், டீயில் சர்க்கரை போட்டாரா என்ற தினசரி விசாரணையைத்தான் விடச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் கத்தினால், நிஜமாகவே கத்த வேண்டிய நாளில் காதில் விழாது.

மூத்தவள்:

எல்லோருக்கும் நன்றி. கேஜ்காரர் ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். ஊருக்குப் போனபோது அப்பா ஸ்டூலில் ஏறி ஃபேன் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, நடக்கும்போது எங்கேயாவது தொந்தரவு உண்டா என்றேன். மேலே இருந்தபடியே சொன்னார்: "கொஞ்ச தூரம் போனா கெண்டைக்கால் இழுக்கும். நின்னா ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும். மறுபடி அதே தூரத்துல இழுக்கும். யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்கன்னு போனைப் பாக்கற மாதிரி நிப்பேன்." ரொம்ப நாளாக இருக்கிறதாம். அம்மாவுக்கே தெரியாது.

இது சாதாரணக் கால் வலிதானா? தைலம் தேய்த்தால் போகுமா?

பிசியோ ஒருத்தி:

தைலத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நான் பிசியோதெரபிஸ்ட், நீங்கள் எழுதியது எனக்குப் பழக்கமான வர்ணனை.

நடந்தால் கெண்டைக்காலில் வலி, நின்றால் சில நிமிடத்தில் போய்விடுவது, மறுபடி ஏறக்குறைய அதே தூரத்தில் வருவது, கூடவே சிகரெட், பிரஷர், சர்க்கரைக்கு முந்தின நிலை. காலுக்குப் போகும் ரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். முதுகுத் தண்டில் நரம்பு அழுந்தினாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அது பெரும்பாலும் உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் குறையும், சும்மா நிற்பதால் குறைவது அபூர்வம். அப்பா நின்றாலே சரியாகிறது என்கிறார். டாக்டரிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

முதல் சோதனை எளியது, ஊசிகூடக் கிடையாது. கணுக்காலிலும் கையிலும் பிரஷர் பார்த்து, கால் எண்ணைக் கை எண்ணால் வகுப்பார்கள். 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு என்று அர்த்தம். அப்படி வந்தால் காலோடு நிற்காது, இதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களையும் கவனிக்க வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்க ஒன்றும் எழுதுவார்கள்.

சிகிச்சையில் முக்கியமானது எது தெரியுமா? நடைதான். டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு, வலி ஓரளவு வரும் வரை நடக்க வேண்டும், நிற்க வேண்டும், வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். நிற்கும் நேரமும் சேர்த்து 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று முறையாவது, குறைந்தது 12 வாரம். வலி வந்தால் கால் கெட்டுப்போகிறது என்று பயந்து இத்தனை நாள் நிறுத்தியிருப்பார். இந்த முறையில் வலியில்லாமல் போகும் தூரம் மெல்லக் கூடும். நின்று நின்று போவதும் பயிற்சியில் ஒரு பாகம் என்று தெரிந்தால் போனைப் பார்ப்பதுபோல் நடிக்கவும் வேண்டியதில்லை.

சிகரெட்டை விட்டே ஆக வேண்டும், இதில் பேரமில்லை. 60 வயதில் விட்டாலும் சராசரியாக 3 வருட ஆயுள் கூடுகிறது என்று ரிச்சர்ட் டால் என்ற ஆய்வாளர் பிரிட்டிஷ் டாக்டர்களை வைத்துச் செய்த ஆய்வில் 2004இல் வந்தது. மன உறுதியை மட்டும் நம்பச் சொல்லாதீர்கள். தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங் கம், மாத்திரை எல்லாம் இருக்கின்றன, டாக்டரிடம் கேட்டு வாங்கலாம்.

பாதங்களைத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். ஆறாத புண், படுத்திருக்கும்போதே கால் வலி, விரல் நிறம் மாறுவது, இதில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். திடீரென்று ஒரு கால் வெளிறி, சில்லிட்டு, கடுமையாக வலித்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே போங்கள். அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கக்கூடாது.

மூத்தவள்:

வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். அப்பாவே ஒத்துக்கொண்டார். சொல்லப்போனால் அந்த வகுத்தல் கணக்கைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். புது மெஷினை எடுத்து வைத்துக்கொண்டு, "கணுக்கால்ல கட்டி நாமே பாத்துடலாமே" என்கிறார். கேஜ்காரர் ஐயா, பார்க்கலாமா?

கேஜ்காரர்:

வேண்டாம்மா. மேல்கைக்கென்று செய்த கருவி கணுக்காலில் காட்டுவதை நம்பி முடிவெடுக்கக்கூடாது. அங்கே டாப்ளர் என்ற சின்னக் கருவியை வைத்து ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்டுப் பார்ப்பார்கள். படுக்க வைத்துத்தான் பார்ப்பார்கள். அளவுக்குப் பொருந்தாத கேஜைப் பாய்லரில் மாட்டமாட்டோம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார். வரும் எண்ணை மட்டும் அவர் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், வலது கால், இடது கால் தனித்தனியாக.

வியாழக்கிழமைக்கு அவர் எடுக்கும் மாத்திரைப் பட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், வலி மாத்திரை உட்பட. எவ்வளவு தூரத்தில் இழுக்கிறது என்பதை அவரே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். டாக்டர் சிகரெட் பற்றி ஆரம்பிக்கும்போது ஒரு போன் வந்ததாகச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு.